இசைத்தட்டின் மறுவருகை: ஒரு வரலாற்றுச் சிந்தனை

சென்ற ஆண்டு ஆலயத் திருவிழாவின் கொடியிறக்கம் முடிந்த மறுநாள், எங்கள் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கும் இளைஞர் ஒருவர் என்னைக் காண வந்தார். "ஃபாதர், நம்ம பங்களாவுல பழைய இசைத்தட்டு ஏதாவது கிடக்கா?" என்று கேட்டார். பொறியியல் படித்தவர், உலகத்துப் பாடல்களையெல்லாம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியிலேயே கேட்கக் கூடியவர். அவர் தம் முதல் மாதச் சம்பளத்தில் ஓர் இசைத்தட்டு இயக்கியை வாங்கியிருந்தார்.

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. நான் குருவான புதிதில், 1990-களின் இறுதியில், உதவிப் பங்குத்தந்தையாக ஓர் ஊரில் பணியாற்றினேன். அங்கே பிரெஞ்சு மறைப்பணியாளர் ஒருவர் விட்டுச் சென்ற மரப்பெட்டி ஒன்று இருந்தது. அதில் பிரான்சு நாட்டுச் சொலெம் மடத்துத் துறவியர் பாடிய கிரகோரியன் இசைத்தட்டுகள் நாற்பதுக்குக் குறையாமல் இருந்தன. அறையைத் தூய்மை செய்கிறேன் என்று அவற்றைப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் எடைபோட்டுக் கொடுத்தவன் நான். ஸ்பெயின் நாட்டுச் சீலோஸ் மடத்துத் துறவியரின் கிரகோரியன் இசை 1994-ல் குறுந்தகடாக வெளிவந்து உலகெங்கும் பல லட்சக்கணக்கில் விற்றிருந்த காலம் அது. என்னிடமும் அக்குறுந்தகடு ஒன்று இருந்தது. கையகலத் தகட்டில் அதே இசை கிடைக்கும்போது, தூசி படிந்த இக்கறுப்புத் தட்டுகள் எதற்கு என்பதே அன்றைய என் எண்ணம்.

அன்று உலகமும் அவ்வாறே எண்ணியது. ஆனால் 2022-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் 4 கோடியே 10 லட்சம் வினைல் இசைத்தட்டுகள் விற்றன. குறுந்தகடுகளோ 3 கோடியே 30 லட்சமே விற்றன. எண்ணிக்கையில் இசைத்தட்டு குறுந்தகட்டை விஞ்சியது 1987-க்குப் பின் அதுவே முதன்முறை. இறந்துவிட்டது என்று அனைவரும் அடக்கம் செய்த ஒன்று எப்படி மீண்டு வந்தது? அவ்விளைஞரின் கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது, வினா இசைத்தட்டைப் பற்றியது மட்டுமன்று என்பது எனக்கு மெல்லப் புலனாயிற்று.

காற்றில் கரையும் ஒலி

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த செவில் நகர்ப் புனித இசிதோர், ஒலிகளை எழுதி வைக்க இயலாது என்றும், மனிதன் தன் நினைவில் வைத்துக் காத்தாலன்றி அவை அழிந்தொழியும் என்றும் குறிப்பிட்டார். அவருக்கு இரு நூற்றாண்டுகள் முந்திய புனித அகுஸ்தினாரும் தம் 'ஒப்புதல்கள்' நூலில், காலம் என்பது யாது என்று ஆராயப் புகுந்தபோது, ஒலிக்கும் சொல்லையும் பாடப்படும் பாடலையுமே சான்றாகக் கொண்டார். ஓர் அசை ஒலித்து முடிந்தபின்பே அடுத்த அசை பிறக்கிறது. முழுப் பாடலையும் ஒருசேரப் பிடித்து வைப்பது நினைவே அன்றி வேறன்று.

பதினொன்றாம் நூற்றாண்டில் அரெட்சோ நகர்த் துறவி குயிதோ, கோடுகளின் மேல் இசையைக் குறிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். ஆசான் ஒருவரிடம் ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பயில வேண்டியிருந்த பாடல்களை, இனி ஏட்டைப் பார்த்தே பாடலாம் என்ற நிலை பிறந்தது. எனினும் எழுதப்பட்டது பாடலேயன்றிப் பாடியவரின் குரலன்று. குரல் அவரோடு கல்லறைக்குச் சென்றது. மனித குலம் பேசத் தொடங்கிய நாள் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இதற்கு விலக்கே இல்லை.

உழுசாலும் ஊசியும்

1857-ல் பாரிஸ் நகர அச்சுத் தொழிலாளர் ஸ்காட் தெ மார்ட்டின்வில், புகைக்கரி பூசிய தாளின் மேல் ஒலியின் அதிர்வை மெல்லிய கோடாக வரையும் கருவியைப் பதிவு செய்தார். அக்கோட்டை மீண்டும் ஒலியாக்க அவர் முயலவில்லை. கண்ணால் படிக்கவே விரும்பினார். 1877-ல் தாமஸ் எடிசன், சுழலும் உருளைமேல் சுற்றிய வெள்ளீயத் தாளில் ஒலியைப் பதித்து, அதே பள்ளத்தில் ஊசியை மீண்டும் ஓட்டித் தம் குரலைத் தாமே கேட்டார்.

உருளையைத் தட்டாக்கியவர் எமில் பெர்லினர். ஜெர்மனியின் ஹானோவர் நகரில் 1851-ல் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1870-ல் அமெரிக்கா சென்றவர். 1887-ல் அவர் உரிமம் பெற்ற கிராமபோன், பின்வந்த இசைத்தட்டுகள் அனைத்திற்கும் மூலம். உருளையைப் படியெடுப்பது அரிது. தட்டையான மூலத்தட்டிலிருந்து உலோக அச்சு எடுத்துவிட்டாலோ, அப்பம் வார்ப்பதுபோல் ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுக்கலாம். 1898-ல் அவரும் அவருடைய உடன்பிறந்தார் யோசேப்பும் ஹானோவரில் 'டாய்ச்சே கிராமபோன்' நிறுவனத்தைத் தொடங்கினர்.

இத்தட்டுகளுக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அக்காலத் தட்டுகள் அவலரக்கால் ஆனவை. சோட்டா நாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளில் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைப் பழங்குடி மக்கள் சுரண்டிச் சேர்த்தார்கள். அதுவே கடல் கடந்து, கல்தூளும் கரியும் கலந்து, ஐரோப்பியப் பாடகரின் குரலைத் தாங்கும் தட்டாயிற்று. 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜானின் பாடல்களைப் பதிவு செய்தார். ஆர்மீனியக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, பின்னர் இஸ்லாத்தைத் தழுவியவர் அவ்வம்மையார். பாடல் முடிந்தவுடன் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்க அறிவிப்பது அவர் வழக்கம். பதிவுகள் ஹானோவருக்கு அனுப்பப்பட்டே தட்டுகளாக அச்சாயின. அங்கிருந்த தொழிலாளர்கள் எது யார் பாட்டு என்று அறிய அந்த அறிவிப்பு உதவிற்று. அரக்கும் இந்தியாவிலிருந்து சென்றது. குரலும் இந்தியாவிலிருந்து சென்றது. இரண்டும் ஹானோவரில் ஒன்றாகித் திரும்பின.

அதே 1902-ல் ஒலிப்பதிவுக் கருவி உரோமைக்கும் சென்றது. சிக்ஸ்டைன் சிற்றாலயப் பாடகர் அலெஸ்ஸாந்த்ரோ மொரெஸ்கியின் குரல் 1902-லும் 1904-லும் பதிவாயிற்று. சிறு வயதில் விதையடிக்கப்பட்டு, ஆண்மகனாக வளர்ந்தும் சிறுவனின் உச்சக் குரலோடு பாடிய பாடகர் மரபில் கடைசியானவர் அவர். தனித்துப் பாடிய அம்மரபின் குரலாக உலகில் எஞ்சியிருப்பது அவருடையது ஒன்றே. 1903-ல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர், ஆலயப் பாடலில் உச்சக் குரல்களுக்குச் சிறுவர்களையே அமர்த்த வேண்டும் என்று விதித்தார், அவ்வழக்கம் முடிவுற்றது. அப்பதிவை நான் கேட்டிருக்கிறேன். அதில் பக்தி உண்டு, நடுக்கம் உண்டு. கேட்பவர் நெஞ்சை உறுத்தும் ஒரு காயமும் உண்டு. இறைபுகழ் என்ற பெயரால் சிறுவர்களுக்கு இழைக்கப்பட்ட தீங்கின் பயனைத் திருச்சபையின் பாடகர் குழுக்கள் நூற்றாண்டுக்கணக்கில் துய்த்தன. ஏட்டில் படித்தால் எளிதாகக் கடந்துவிடக்கூடிய இச்செய்தியை அத்தட்டு கடக்க விடுவதில்லை. ஒலிப்பதிவு இன்பத்தை மட்டும் காப்பதன்று. நாம் மறக்க விரும்புவதையும் காக்கிறது.

வினைலும் குறுந்தகடும்

அரக்குத் தட்டு கைதவறினால் நொறுங்கும்; ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடமே பாடும். இரண்டாம் உலகப் போரில் இந்திய அரக்கின் வரத்துக் குறையவே, 1942-ல் அமெரிக்க அரசு அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. போர்வீரர்களுக்கென 1943 முதல் அனுப்பப்பட்ட தட்டுகளுக்கு வினைல் என்னும் நெகிழிப்பொருள் பயன்பட்டது. 1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு முப்பத்து மூன்றேகால் அல்ல, சரியாகச் சொன்னால் முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்றும் நெடுந்தட்டை நியூயார்க்கில் அறிமுகம் செய்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை அடங்கிற்று.

அதன் அரசாட்சி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது. அதை வீழ்த்திய குறுந்தகடும் பெர்லினர் பிறந்த மண்ணிலேயே பிறந்தது வரலாற்றின் வியப்பு. 1982 ஆகஸ்டு 17 அன்று, ஹானோவரை அடுத்த லாங்கன்ஹாகன் ஆலையில், விற்பனைக்கான முதல் குறுந்தகடுகள் அச்சாயின. அங்கு உழுசால் இல்லை, ஊசி இல்லை. ஒலி அலையை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாக எண்ணிட்டு, அவ்வெண்களை நுண்குழிகளாகப் பதித்து, லேசர் ஒளியால் படிக்கும் முறை அது. 1988-ல் அமெரிக்காவில் குறுந்தகட்டின் விற்பனை வினைலை முந்தியது.

எண்ணாக மாறிய இசைக்குத் தகடும் பாரமாயிற்று. ஜெர்மனியின் பிரௌன்ஹோபர் ஆய்வுக்கூடத்தார் உருவாக்கிய எம்பி3 முறை, செவி கவனிக்காத பகுதிகளை நீக்கி இசையைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிற்று. 1999-ல் தோன்றிய நாப்ஸ்டர், கேட்பவரெல்லாம் விலையின்றிப் பகிர வழிவகுத்தது. வழக்குகளால் 2001-ல் அது மூடப்பட்டது. 2008-ல் ஸ்பாட்டிஃபை போன்ற இணையவழி இசைச் சேவைகள் வந்தன. இன்று அமெரிக்க இசைத்துறை வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இவற்றினின்றே வருகிறது. ஆகவே இசைத்தட்டு உலகை மீண்டும் வென்றுவிட்டது என்று எவரும் மயங்க வேண்டா. அது ஒரு சிறுமந்தையே. ஆயினும் வளரும் மந்தை.

இரும்புக்குப் போகாத இயந்திரங்கள்

1990-களில் உலகெங்கும் வினைல் ஆலைகள் மூடப்பட்டன. அழுத்து இயந்திரங்கள் உடைக்கப்பட்டன. செக் நாட்டில் பிராகா நகருக்கு மேற்கே லொட்யெனிட்சே என்னும் சிற்றூர் உள்ளது. 1951-ல் பொதுவுடைமை ஆட்சியில் அங்கு ஓர் இசைத்தட்டு ஆலை தொடங்கப்பட்டது. 1989-ல் அந்த ஆட்சி வீழ்ந்தது, சந்தை மாறிற்று, அவ்வாலையும் குறுந்தகடுகளுக்கு மாறிற்று. ஆனால் அதனை நடத்திய ஸ்டெனெக் பெல்ட்ஸ் பழைய இயந்திரங்களை இரும்புக்குப் போடவில்லை. கேட்போர் மிகச் சிலரே என்றாலும் அவற்றை ஓடவிட்டார். பின்னாளில் உலகம் மீண்டும் வினைலைத் தேடியபோது, கொடுக்கக் கூடிய நிலையில் அவரே இருந்தார். தேவை பெருகவே, பழைய வடிவமைப்பைக் கொண்டே புதிய இயந்திரங்களைச் செய்தார்கள். ஜிஇசட் மீடியா என்னும் அந்நிறுவனமே இன்று உலகின் மிகப் பெரிய இசைத்தட்டு உற்பத்தியாளர்.

இதைப் படித்தபோது என் மரப்பெட்டி நினைவுக்கு வந்தது. அவர் இரும்புக்குப் போடவில்லை, நான் போட்டேன்.

வினைலைக் காத்தவர்கள் வேறு சிலரும் உண்டு. 1973-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்னும் இளைஞர், இரு தட்டுகளை மாறி மாறி ஓட்டி ஒரு புதிய இசை மரபுக்கு வித்திட்டார். அவ்வழி வந்த ஏழைக் கறுப்பின இளைஞர்களுக்கு இசைத்தட்டு வெறும் பண்டமன்று, வாசிக்கும் கருவி. அவர்களும் அவர்களைப் பின்பற்றியோரும் வினைலைக் கைவிடவில்லை. 2008 ஏப்ரலில் அமெரிக்கச் சிறுகடைக்காரர்கள் 'இசைத்தட்டுக் கடை நாள்' என்ற ஒன்றைத் தொடங்கினர். அது ஆண்டு விழாவாயிற்று. பெரிய நிறுவனங்கள் கைகழுவியதைச் சிறியவர்கள் காத்தார்கள் என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

செவியின் தீர்ப்பு

எது நல்ல ஒலி என்ற வழக்குக்கு வருவோம். வினைல் அன்பர்கள், உழுசால் அலையின் முழு வடிவம் என்றும், எண்ணியல் முறை அலையைத் துண்டாடி இடைவெளிகளை இழக்கிறது என்றும் கூறுவர். கேட்க நியாயமாகத் தோன்றினும் இது சரியன்று. போதிய விரைவில் அளக்கப்பட்ட அலையை, இடைவெளி ஏதுமின்றி முழுமையாக மீட்கலாம் என்பதைக் கிளாட் ஷானன் 1949-ல் கணித வழியில் நிறுவினார். மனிதச் செவியின் மேல் எல்லை நொடிக்கு 20,000 அதிர்வுகள். குறுந்தகட்டின் அளவு அதற்குப் போதுமானது. மாறாக, தட்டின் மையத்தை நெருங்க நெருங்க வினைலின் தெளிவு குறையும். தூசியும் தேய்மானமும் சேர்ந்தே ஒலிக்கும்.

எனினும் சில பழைய தட்டுகள் இன்றைய எண்ணியல் பதிப்புகளைவிட இனிமையாக ஒலிப்பதும் உண்மையே. 1990-கள் முதல், தம் பாட்டே பிறவற்றைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்ற போட்டியில், மென்மைக்கும் உரப்புக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பலர் நசுக்கிவிட்டனர். அப்பிழை எண்ணினுடையதன்று, போட்டியிட்ட மனிதருடையது. நல்ல கருவி கெட்ட ஆசையின் கையில் அகப்பட்ட கதை நமக்குப் புதிதன்றே.

2022-ல் நிகழ்ந்த ஒன்று இவ்வழக்கை ஒருவாறு தீர்த்து வைத்தது. கலிபோர்னியாவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் விலையுயர்ந்த தட்டுகள், மூல நாடாவிலிருந்து எண்ணியல் கலப்பின்றிச் செய்யப்பட்டவை என்று அன்பர்களால் போற்றப்பட்டு வந்தன. அவற்றுள் பலவற்றில், 2011 முதலே, இடையில் எண்ணியல் படி ஒன்று இருந்தது அவ்வாண்டு வெளிப்பட்டது. வழக்கும் தொடரப்பட்டது. எண்ணின் குளிர்ச்சியை நொடியில் கண்டுபிடிப்போம் என்றவர்களின் செவிகள், பதினோர் ஆண்டுகளாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வாங்குவோரிடம் உண்மையை மறைத்தது தவறே. ஆனால் நாம் கேட்பதாக நம்புவதில் எவ்வளவு நம் விருப்பம் கலந்திருக்கிறது என்பதையும் அந்நிகழ்ச்சி காட்டியது. மறையுரை மேடையில் நிற்பவனும் இதை எண்ணிப் பார்ப்பது நலம்.

மற்றொரு செய்தி: அமெரிக்காவில் வினைல் வாங்குவோரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் அதனை ஓட்டும் கருவியே இல்லை என்று லூமினேட் நிறுவனத்தின் ஆய்வு கூறுகிறது. வாங்கியது கேட்பதற்கன்று, வைத்திருப்பதற்கு. திருவுருவத்தை வணங்குவதற்கும் சிலையை உடைமையாக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

எது நிலைக்கும்?

அப்படியாயின் எது பாதுகாப்பானது? 2020 பிப்ரவரி 6 அன்று கலிபோர்னியாவின் பானிங் நகரில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை தீக்கிரையாயிற்று. இசைத்தட்டுக்கான மூலத்தட்டைச் செய்யும் ஆலைகள் அன்று உலகில் இரண்டே இரண்டு. எரிந்தது அவற்றுள் ஒன்று. எண்ணியல் உலகோ? 2019-ல் மைஸ்பேஸ் இணையத்தளம், 2003 முதல் 2015 வரை தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவற்றை இழந்துவிட்டதாக அறிவித்தது. போன பாடல்கள் ஏறத்தாழ 5 கோடி. புகையும் எழவில்லை, சாம்பலும் மிஞ்சவில்லை. பூச்சியும் துருவும் அரிக்கும் என்று நம் ஆண்டவர் எச்சரித்த செல்வங்களுள் இவ்விரண்டும் அடங்கும்.

ஆனால் இவ்விரண்டும் பகையல்ல என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஸ்காட் தெ மார்ட்டின்வில் 1860 ஏப்ரல் 9 அன்று கரித்தாளில் வரைந்த ஒரு கோட்டை, 2008-ல் ஆய்வாளர்கள் கணினியில் ஏற்றி ஒலியாக்கினர். முதலில் ஒரு சிறுமி பாடுவதுபோல் கேட்டது. ஓட்டிய வேகம் இருமடங்கு என்று பின்னர் உணர்ந்து திருத்தியபோது, ஓர் ஆடவர் மெல்ல, தயங்கித் தயங்கிப் பாடுவது கேட்டது. அது பெரும்பாலும் ஸ்காட்டின் குரலே. தம் கோடு ஒருநாள் பேசும் என்று அவர் எண்ணவில்லை. நூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகள் யாரோ அத்தாளை எறியாமல் வைத்திருந்தார்கள். அதனால் எண்ணியல் கருவிக்கு அதை வாய்திறக்கச் செய்ய முடிந்தது. தாள் இல்லையேல் கணினி என்ன செய்யும்?

அவ்விளைஞர் எங்கிருந்தோ ஒரு பழைய தட்டைத் தேடிப் பிடித்து வந்தார். ஒரு மாலை வழிபாட்டுக்குப் பின் பாடகர் குழுவினர் பன்னிருவர் அமர்ந்து அதன் ஒரு பக்கத்தைக் கேட்டோம். இருபத்திரண்டு நிமிடம். இடையில் எவரும் பாட்டை மாற்றவில்லை, மாற்றவும் வழியில்லை. முடிந்தபின் ஊசி கடைசிச் சாலில் சரசரத்துக்கொண்டிருந்தது. எழுந்து சென்று அதை எடுக்கச் சிறிது நேரம் எவருக்கும் மனம் வரவில்லை. ஒலியின் தரத்தை நாடியன்று, இந்த ஒருமையை நாடியே இளையோர் இத்தட்டைத் தேடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அது கைப்பேசியிலும் இயலும். ஆனால் அது நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை.

என் மரப்பெட்டியைப் பற்றி அன்று அவர்களிடம் சொன்னேன். சொலெம் துறவியரின் பாடலை இன்று இணையத்தில் எளிதில் கேட்கலாம். அதை நான் இழக்கவில்லை. ஆனால் அந்த மறைப்பணியாளர் ஒவ்வோர் உறையின் பின்புறத்திலும், பொடி எழுத்தில், அத்தட்டை எந்த நாளில், எந்தச் சிறுவர்களைக் கூட்டி வைத்துக் கேட்க வைத்தார் என்று பெயரோடு எழுதி வைத்திருந்தார். கடைக்காரர் தராசில் வைத்தபோது அதைப் பார்த்தேன், பார்த்தும் கொடுத்தேன். அந்தப் பெயர்கள் எந்த இணையத்திலும் இல்லை.

எங்கள் பங்கில் எண்பத்து நான்கு வயது மூதாட்டி ஒருவர் இருக்கிறார். தவக்காலத்தில் பாடும் பழைய பாஸ்குப் பாடல்களை முழுமையாக அறிந்தவர் இவ்வூரில் அவர் ஒருவரே. அந்த இளைஞர் இப்போது ஞாயிறு பிற்பகல்களில் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கைப்பேசியில் அவற்றைப் பதிவு செய்கிறார். மூன்று இடங்களில் படி வைக்கிறோம். அதோடு நான் ஒரு தடித்த குறிப்பேடு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எந்த நாள் எந்தப் பாட்டு, உடனிருந்து கேட்டவர்கள் யார் யார் என்று அதில் மையால் எழுதச் சொல்லியிருக்கிறேன். சென்ற வாரம் வரை பதினேழு பாடல்கள் ஆகியிருந்தன.